மீத்தரவு

‘தரு’ என்ற வினையில் பிறந்தது தரவு. லத்தீன் ‘டேட்டம்’ என்பதும் ‘தரப்பட்டது’தான். ‘மீ’ என்றால் மேல். தரவைப் பற்றிய தரவு, மீத்தரவு. ஆங்கில ‘மெட்டாடேட்டா’வின் ‘மெட்டா’வோடு ஒலியிலும் ஒட்டிக்கொண்டது அதிர்ஷ்டம்!

சென்னை காசிமேட்டு மீன் ஏலத்தில் ‘சீலா, 40 கிலோ’ என்று குறித்தால் அது வெறும் தரவு. எந்தச் சீலா? சென்னையில் அது கூர்ப்பல் கொண்ட நீள மீன். தூத்துக்குடியிலோ வஞ்சிரத்துக்கே அந்தப் பெயர். இரண்டு ஊர்ப் பட்டியலையும் கணினி கூட்டினால் குழம்பு கலங்கிவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது மீத்தரவு. உயிரினத் தரவுகளுக்காக 2009இல் ஏற்கப்பட்ட ‘டார்வின் கோர்’ தரநிலையில் அறிவியல் பெயர், வட்டாரப் பெயர், பிடித்த தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. சென்னைச் சீலா அங்கே ‘ஸ்பைரீனா’. வஞ்சிரம் பெரும்பாலும் ‘ஸ்காம்பெரோமோரஸ் காமர்சன்’.

வஞ்சிரம் சூரைக்குச் சொந்தம், ஸ்பைரீனா வேறு குடும்பம் என்று கணினிக்கு உறவுமுறை சொல்லிக்கொடுப்பது ‘ஆன்டாலஜி’.