கைநாட்டும் கட்டாயமும்

'கைநாட்டு' என்ற சொல்லை நம் வீடுகளில் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும். படிக்காத பிள்ளையைத் திட்ட அதைவிடச் சுருக்கமான வசவு கிடையாது. கற்றவன் கையெழுத்துப் போடுவான், கல்லாதவன் மையில் விரல் வைப்பான் என்பது நம் தாத்தா காலத்துக் கணக்கு. அந்தக் கணக்கு இன்று மாறிப்போயிற்று. 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், டெம்ப்ளி என்ற பழங்குடிக் கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அதிலிருந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள், பேராசிரியரும் பாத்திரம் தேய்ப்பவரும் ஒரே வரிசையில் நின்று, பத்து விரலையும் இரண்டு கருவிழியையும் கணினிக்குக் கொடுத்தாகிவிட்டது.

இது நல்லதா கெட்டதா என்று நம் சங்கக் கூட்டங்களில் காப்பி ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம் நடந்ததுண்டு. "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? எனக்கு என்ன பயம்?" என்பது ஒரு கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விரல் ரேகையின் வரலாற்றைப் புரட்டினால், மடியில் கனமே இல்லாதவர்கள்தான் அதிகம் பயந்திருக்கிறார்கள். அதிலும் ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைத்தவர்கள். அதனால்தான் இந்தக் கதையை நம் மலருக்கு எழுதலாம் என்று தோன்றியது.

ரேகைக் கலை நம் நாட்டுச் சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலை போடும் பொருள் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கையையும் ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். திருடனைப் பிடிக்க அல்ல. 'நான் ஒப்புக்கொள்ளவே இல்லை' என்று ஆள் பின்னால் மறுக்காமல் இருக்க. 1877-ல் ஹூக்ளியில், செத்தவர் பெயரில் பென்ஷன் வாங்கும் மோசடியைத் தடுக்கவும் இதே வித்தையைப் பயன்படுத்தினார். பிறகு வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்க, 1897-ல் கல்கத்தாவில் ரேகை அலுவலகம் திறந்தார்கள். லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 1901-ல்தான். பெயர் மட்டும் ஹென்றிக்கு! அதை விடுங்கள்.

கல்கத்தாவிலிருந்து இந்த வித்தை தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறியது. அங்கே டிரான்ஸ்வால் பகுதியில் சுமார் 13,000 இந்தியர்கள் இருந்தார்கள். குஜராத்தி வியாபாரிகள் ஒரு பக்கம். கூடை தூக்கி விற்பவர், சிறுகடைக்காரர், தொழிலாளி என்று நம் தமிழர்கள் இன்னொரு பக்கம். 1906 ஆகஸ்டில் ஓர் அவசரச் சட்ட நகல் வெளியாயிற்று. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் எல்லோரும் பெயரைப் பதிந்து, விரல் ரேகை கொடுத்து, சான்றிதழ் வாங்க வேண்டும். போலீஸ்காரர் தெருவில் எங்கே கேட்டாலும் அதைக் காட்ட வேண்டும். வீட்டுக்குள் புகுந்தும் கேட்கலாம். சைக்கிளுக்கு லைசென்ஸ் வாங்கப் போனாலும் கேட்பார்கள். தவறினால் அபராதம், சிறை, நாடு கடத்தல்.

ரேகை பற்றி ஹென்றி எழுதிய நூலைக் காந்தி வாங்கிப் படித்தார். குற்றவாளிகளிடம்தான் சட்டப்படி ரேகை எடுப்பது வழக்கம் என்று அதிலிருந்து புரிந்துகொண்டார். செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூடிய கூட்டம், இந்தச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று கடவுள் சாட்சியாக உறுதி எடுத்தது. 1907-ல் அது முறையான சட்டமாகி, பதிவு அலுவலகங்களும் திறந்தாயிற்று. அலுவலக வாசலில் நம்மவர் நின்றுகொண்டு, உள்ளே போகிறவரைக் கும்பிட்டுத் தடுத்தார்கள். ஆண்டு முடிவதற்குள் பதிந்துகொண்டவர்கள் ஐந்நூறு பேர் அளவில்தான்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் மேடைகளில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை. 1908 ஜனவரியில் சிறையிலிருந்த காந்தி ஜெனரல் ஸ்மட்ஸுடன் சமரசம் செய்துகொண்டார். இந்தியர்கள் தாமாகவே பதிந்துகொள்வார்கள், கட்டாயச் சட்டம் நீக்கப்படும் என்பது காந்தி தரப்பின் கூற்று. படித்தவர்களும் சொத்துள்ளவர்களும் ரேகை தராமல் கையெழுத்துப் போட்டாலே போதும் என்று சலுகையும் கிடைத்தது. பாரிஸ்டர் காந்தி அந்தச் சலுகையை ஏற்கவில்லை. பத்து விரலும் வைப்பேன் என்றார். பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில், 'நம்மை விற்றுவிட்டாய்' என்று கருதிய மீர் ஆலம் என்ற பட்டாணியர் தடியால் அடித்துச் சாய்த்தார். காப்பாற்ற முயன்ற தம்பி நாயுடுவுக்கும் அடி. மொரீஷியஸில் பிறந்த, பள்ளிப் படிப்பு அதிகமில்லாத, பல தடவை சிறை கண்ட நம் தமிழர் அவர். அடிபட்டுப் படுத்த படுக்கையிலேயே, அதிகாரியை வரவழைத்துக் காந்தி ரேகை வைத்தார்.

ஆறே மாதம்தான். சட்டம் நீங்கவில்லை. ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி மைதானத்தில் பெரிய இரும்புக் கொப்பரையில், தாமே விரும்பி வாங்கிய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்களைப் போட்டு எரித்தார்கள். ஒரே மனிதர், ஒரே ரேகை. பிப்ரவரியில் சரி, ஆகஸ்டில் தவறா? இதை முரண்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுடைய சண்டை மையோடும் தாளோடும் அல்ல. 'யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கேட்பான், இல்லையென்றால் உனக்கு இங்கே இடமில்லை' என்ற நிலைமையோடுதான்.

அதற்கு விலை கொடுத்ததில் நம்மவர் பங்கு பெரிது. சான்றிதழ் காட்டாததற்காகச் சிறை சென்று, குளிரில் சாலை வேலை செய்யவிடப்பட்ட சாமி நாகப்பன் என்ற இளைஞர், வெளியே வந்ததும் 1909 ஜூலையில் நிமோனியாவால் இறந்தார். நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்த நாராயணசாமி, கரையிறங்க விடாமல் அலைக்கழிக்கப்பட்டு 1910 அக்டோபரில் டெலகோவா விரிகுடாவில் உயிர்விட்டார். இப்படிக் கடத்தப்பட்டுச் சென்னை வந்திறங்கியவர்களுக்குச் சோறும் துணியும் ஏற்பாடு செய்தவர் ஜி.ஏ. நடேசன். தில்லையாடி வள்ளியம்மையை அறிந்த அளவுக்கு இந்த இரண்டு பேரை நம் பிள்ளைகள் அறிவதில்லை.

கடல் தாண்டிய ஊரில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். ஒருவர் திருடினாரா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. அந்தச் சாதியில் பிறந்தாலே ரேகை பதிய வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

ஆதாரை இந்தக் கொடுமைகளோடு ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. அது ஒரு சாதிக்கோ வந்தேறிக்கோ மட்டும் போட்ட சட்டமல்ல. சொல்லப்போனால், வெளிமாநிலத்துத் தமிழர்களாகிய நமக்கு அது உதவியே இருக்கிறது. ரேஷன் கார்டு ஊரில், ஆள் மும்பையில் என்றிருந்த காலத்தில் கேஸ் இணைப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதா?

ஆனால் கதையின் போக்கைப் பாருங்கள். 2009-ல் ஆணையம் தொடங்கியபோது இது விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். அப்போது தனிச் சட்டமே இல்லை. 2012-ல் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, எண்பது வயதைத் தாண்டிய நிலையில், உச்ச நீதிமன்றம் போனார். எண் இல்லாத காரணத்தால் யாரும் பாதிக்கப்படக் கூடாது என்று 2013 செப்டம்பரில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அப்படியும் ஒவ்வொரு கவுண்டராக எண்ணைக் கேட்கத் தொடங்கினார்கள். 2016-ல் பண மசோதாவாகச் சட்டம் வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று அரசு தரப்பு வாதாடியதால் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அது அடிப்படை உரிமைதான் என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் நால்வர் ஆதாரை ஏற்றனர். நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். மானியத்துக்கும் பான் கார்டுக்கும் கட்டாயம். வங்கிக் கணக்குக்கும் செல்போனுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் கட்டாயமில்லை என்று கோடு கிழிக்கப்பட்டது. புட்டசாமி 2024-ல் தமது 98-ஆம் வயதில் காலமானார்.

தகவல் திருடுபோகும் என்பது படித்தவர்களின் கவலை. ஏழையின் கவலை வேறு. 2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்காததால் ரேஷன் நின்ற வீடு அது. பசி என்றார் தாய். மலேரியா என்றனர் அதிகாரிகள். எங்கள் பகுதி ரேஷன் கடையிலும் மெஷின் வந்த புதிதில், முப்பது வருடம் வீட்டுவேலை செய்து விரல் தேய்ந்த ஒரு திருநெல்வேலி அம்மாள் நின்றிருந்தார். "பத்து வருசமா இங்கதான் வாங்குறேன் அண்ணாச்சி. கடைக்காரனுக்கு என்னைத் தெரியும். இந்த மெஷினுக்குத்தான் தெரியலையாம்" என்றார். ரேகை பதியாவிட்டாலும் பொருளை மறுக்கக் கூடாது, விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2017 அக்டோபரிலேயே ஆணையம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதன் அச்சுப் பிரதியை நானும் இன்னொரு சங்க உறுப்பினரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தார்.