பொந்தியான் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் கலை படிக்க வழி உண்டா?

தமிழ்ப்பள்ளி மேடையில் அழகாக ஆடிய பிள்ளை, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் சலங்கையைக் கழற்றி வைத்துவிடுவது உண்டு. "அங்கதான் டான்ஸ் பாடமே இல்லையே" என்பார்கள் பெற்றோர். அது பாதி உண்மைதான்.

முதலாம் படிவத்திலிருந்து மூன்றாம் படிவம் வரை காட்சிக்கலை அல்லது இசை, இரண்டில் ஒன்று உண்டு. நான்காம் படிவத்தில் காட்சிக்கலையை விருப்பப் பாடமாக எடுத்து எஸ்.பி.எம்.மில் எழுதலாம். ஆனால் நடனமும் நாடகமும் சாதாரணப் பள்ளியில் பாடமாக வராது.

அவற்றைப் பாடமாகவே படிக்க மலேசியக் கலைப்பள்ளிக்குப் போக வேண்டும். கல்வி அமைச்சின் பள்ளி அது. ஜொகூர் மாநிலத்துக்கானது ஜொகூர் பாருவில், பொந்தியானிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. காட்சிக்கலை, இசை, நடனம், நாடகம் என நான்கு துறைகள். வழக்கமான பாடங்களும் கூடவே நடக்கும். தினமும் போய்வருவது சிரமம் என்பதால் விடுதி இடம் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது விண்ணப்பத்தில்தான். முதலாம் படிவத்தில் சேர, பிள்ளை ஆறாம் ஆண்டில் படிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. கலைத்திறன் சோதனைக்கு மாணவர் நேரில் ஆடியோ வரைந்தோ காட்ட வேண்டியிருக்கும்.

பரதம் கற்கப் பெரும்பாலும் தனியார் வகுப்புதான். ஜொகூர் பாருவில் டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. இந்த வகுப்புகளுக்கு எஸ்.பி.எம்.மில் புள்ளி கிடையாது. ஆனாலும் அரசுப் பல்கலைக்கழக நுழைவில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. பள்ளியின் பெயரில் பிள்ளை போட்டியில் ஆடினால், அதைப் பதிவு செய்யும்படி பொறுப்பாசிரியரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.