பிடியரிசியில் எழுந்த பள்ளிக்கூடம்

கரைவலை இழுப்பதைக் காணாதவர் நம் கரையில் எவரும் இலர். எத்தனை வலிமை உடையவனாயினும் தனியொருவன் இழுத்து வலை கரை சேர்வதில்லை. பல கைகள் ஒரே கயிற்றைப் பற்றி ஒரே தாளத்தில் இழுத்தால்தான் மடி கரையேறும். கல்வியும் அத்தகையதே என்பதை நம் முன்னோர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

புத்தளக் கரை கல்விக்குப் புதியதன்று. 1859ஆம் ஆண்டில் தமிழ்ப் புலவர்தம் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, நமக்கு வடக்கேயுள்ள கற்பிட்டியிற் பிறந்தவரே. ஆயினும், ஓர் அறிஞர் தோன்றுவது வேறு; ஓர் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் எழுத்தறிவது வேறு. முன்னது ஒருவரது முயற்சியால் ஆகலாம். பின்னது ஊர் கூடினாலன்றி ஆகாது.

ஈழத்தில் இதனை முதலில் உணர்ந்து செயற்பட்டோருள் தலையாயவர் ஆறுமுக நாவலர். 1848ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அவர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது அரசாங்கத்தின் நன்கொடை அவருக்கு இருந்ததில்லை. நெடுங்காலம் அன்பர்களின் பொருளுதவியாலேயே அப்பள்ளி நடந்தது. பிள்ளைகளுக்கு ஏற்ற நூல்கள் இல்லாத குறையை நீக்கப் பாலபாடங்களைத் தாமே எழுதினார். அவற்றை அச்சிட அச்சுக்கூடமும் நிறுவினார். பின்னர் 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், சு. இராசரத்தினம் அவர்களின் அயராத உழைப்பினால் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளைத் தாங்கி நின்றது.

இனிக் கடலுக்கு அப்பால் நோக்குவோம். தென்பாண்டி நாட்டில் விருதுபட்டி என வழங்கிய ஊரே இன்றைய விருதுநகர். வாணிகத்தால் வாழ்ந்த அவ்வூர் நாடார் குலத்தவர், கோயில் வாயில்களும் தமக்கு அடைக்கப்பட்டிருந்த அக்காலத்தில், கல்வியின் வாயிலைத் தாமே திறக்கத் துணிந்தனர். 1880களில் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. அதற்குப் பொருள் வந்த வழிகளுள் இரண்டினை ஈண்டுக் கூறலாம்.

ஒன்று மகமை. வணிகர் தாம் வாங்கி விற்கும் சரக்கின் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கென ஒதுக்குவர். மற்றொன்று பிடியரிசி. உலையில் அரிசி இடும் வேளையில் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவாள். அவ்வாறு சேர்ந்த அரிசியை வீடுதோறும் பெற்று விற்றுப் பள்ளிக்குப் பயன்படுத்தினர். ஒரு பிடி குறைந்ததனால் எந்த வீட்டிலும் எவரும் பசித்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பிடிகள் ஒன்றுசேர்ந்து சம்பளமின்றிப் பிள்ளைகள் கற்க ஒரு பள்ளியைத் தாங்கின. மகமை செல்வம் உடையவன் ஈவது; பிடியரிசியோ ஏழை வீட்டுத் தாயும் ஈயக்கூடியது. ஈந்தவள் அப்பள்ளியைத் தன்னுடையது என்று கருதினாள். இதுவே அத்தருமத்தின் உயிர்நிலை எனலாம்.

1903ஆம் ஆண்டில் பிறந்த காமராசர் அப்பள்ளியில் பயின்ற மாணவர்களுள் ஒருவர். ஆனால் அங்கும் அவர் நெடுநாள் கற்கவில்லை. இளமையிலேயே தந்தையை இழந்த அவர் படிப்பை விடுத்து தாய்மாமனின் துணிக்கடைக்குச் செல்ல நேர்ந்தது. சம்பளம் இல்லாத பள்ளி இருந்தும் ஏன் கல்வி நின்றது? பள்ளியின் செலவை ஊர் ஏற்றது. வீட்டின் வறுமையை ஏற்க எவரும் இருந்திலர். இக்குறையை நாம் மறைத்தல் ஆகாது.

அவரே 1954இல் சென்னை மாநில முதலமைச்சரானார். 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளிக்கும் திட்டம் தொடங்கிற்று. அரசு பங்கு ஏற்கும் முன்னரே பல ஊர்களில் மக்கள் அரிசியும் விறகும் காய்கறியும் தந்து அடுப்பு மூட்டினர். 1958 முதல் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஒவ்வொரு பள்ளியும் தன் தேவைகளைப் பட்டியலிட்டது: ஒருவர் நிலம் தந்தார்; ஒருவர் மேசை நாற்காலி தந்தார்; ஒருவர் கடிகாரமோ தேசப்படமோ தந்தார். விருதுபட்டித் தாயின் பிடியரிசி இவ்வாறு ஒரு மாநிலம் முழுவதும் பரந்தது என்று எண்ணத் தோன்றுகின்றது.

நம் நாட்டில் 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. 1980 முதல் பாடநூல்களும், 1993 முதல் சீருடையும் இலவசமாயின. இவையெல்லாம் பெரும்பேறே. ஏழைப் பிள்ளைக்கு இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர். ஆயினும், "எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்னும் எண்ணமும் அவற்றோடு உடன் வந்தது. பள்ளி நம்முடையது என்ற உணர்வு குன்றிற்று. கூரை ஒழுகினால் மனு எழுதுகிறோம். மனுவுக்கு விடை வருமளவும் பிள்ளைகள் நனைகின்றனர்.

இளைஞர்காள்! நம்மிடம் இல்லாதது யாது? ஏரி உண்டு, கடல் உண்டு, தென்னை உண்டு. ஆடித் திங்களில் உடப்புத் திரௌபதையம்மன் கோயில் விழாவை ஊரவர் கூடி நடத்தும் ஒழுங்கைக் கண்டு வருகிறோம். தேர்வடத்தைப் பற்றும் கைகள் ஒரு வித்தியாசாலையின் வேலியைப் பற்றலாகாதா? ஒரு பறிப்புக்கு ஒரு தேங்காய், ஒரு வலைப்பாட்டுக்கு ஒரு சிறு பங்கு, கற்ற இளைஞன் ஒருவனின் வாரத்தில் ஒரு மாலை: இவையே நம் பிடியரிசி. கணக்கைக் கோயில் முன்றிலில் யாவரும் காண எழுதி வைத்தால் ஐயத்துக்கு இடமில்லை.

பெரியோர்களே! வழி காட்டுங்கள். இளைஞர்காள்! கயிற்றைப் பற்றுங்கள். நம் ஊரில் வறுமை காரணமாகப் படிப்பை விட்டுக் கடைக்கோ கடலுக்கோ செல்லும் ஒரு பிள்ளையேனும் இருக்குமாயின், நம் வலை இன்னும் கரை சேரவில்லை என்றே கொள்ளல் வேண்டும். அது கரை சேரத் திருவருள் துணை நிற்பதாக!