பிராங்க்ளினும் அடிமை முறையும்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் நமக்கு இடிதாங்கியே நினைவுக்கு வருகிறது. 1776-இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்ட அப்பெரியாரின் இல்லத்திலும் அடிமைகள் ஏவல் செய்தவர்களே. பிலடெல்பியாவில் அவர் நடத்திய பத்திரிகையில் மனிதரை விலைகூறும் விளம்பரங்கள் காசுக்கு அச்சேறின.

1763-இல் அந்நகரின் கறுப்பினக் குழந்தைகள் பள்ளியைப் பார்வையிட்டார். அவர்தம் நினைவாற்றலும் கிரகிக்கும் விரைவும் வெள்ளைக் குழந்தைகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல என்று கடிதத்தில் எழுதினார். எழுதினாரேயன்றி உடனே களத்தில் இறங்கினாரில்லை. பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைமையை அவர் ஏற்க மேலும் 24 ஆண்டுகள் சென்றன!

1790 பிப்ரவரியில், 84 வயதில், அச்சங்கத்தின் சார்பில் அடிமை ஒழிப்பு விண்ணப்பமொன்றைக் காங்கிரசுக்கு அனுப்பினார். தமக்கு அதிகாரமில்லையெனப் பிரதிநிதிகள் சபை அதனை ஒதுக்கியது. நோயுற்றிருந்த கிழவரோ, எதிர்த்துப் பேசிய உறுப்பினரை நையாண்டி செய்து பத்திரிகைக்கு ஒரு கட்டுரை விடுத்தார். அடுத்த மாதம், ஏப்ரல் 17-இல், காலமானார்.