கருப்பினப் பெண்களின் கூந்தலும் களிம்புத் தொழிலும்

அமெரிக்கக் கருப்பினப் பெண்களுக்கான கூந்தல் பராமரிப்பு 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. சுருட்டை முடியை நேராக்கும் தொழில் என்றே அது பிற்காலத்தில் பெயர் வாங்கியது. ஆனால் அதைத் தொடங்கிவைத்தது முடி உதிர்வு.

மேற்கு ஆப்பிரிக்கச் சமூகங்கள் பலவற்றில் பின்னலைப் பார்த்தே ஒருத்தியின் குலம், வயது, திருமணமானவளா என்பதையெல்லாம் அறிந்துகொள்ள முடிந்தது. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுக்கு அகன்ற பல் சீப்பும் எண்ணெயும் மட்டுமல்ல, தலைவாரும் பொழுதே இல்லாமல் போயிற்று. தோட்டங்களில் பெரும்பாலும் ஞாயிறு ஒன்றே ஓய்வு நாள். ஆட்டுக் கம்பளியைச் சிக்கெடுக்கும் கம்பிச் சீப்பால் வாரினார்கள். பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் தடவினார்கள். விடுதலை பெற்ற பெண்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. லூயிசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தெபான் மீரோ 1786-இல் அவர்கள் தலைமுடியைத் துணியால் மறைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அப்பெண்களோ பளிச்சென்ற துணிகளை விதவிதமாகக் கட்டி, இழிவுக்காக விதித்ததையே அலங்காரமாக்கிக் காட்டினார்கள்.

இறுகச் சுருண்ட முடியின் குறுக்குவெட்டு தட்டையான நீள்வட்டமாக இருக்கும். தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை அந்த வளைவுகளைக் கடந்து நுனிவரை இறங்குவதில்லை. அதனால் முடி வறண்டு, ஒவ்வொரு வளைவிலும் எளிதில் ஒடிகிறது. 'வளரவே மாட்டேன் என்கிறது' என்ற குறை பெரும்பாலும் வளரும் வேகத்திற்கு ஈடாக நுனி ஒடிவதால் வருவது. இந்த இயல்போடு வறுமையும் சேர்ந்துகொண்டது. வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லாததால் தலைக்குக் குளிப்பதே அரிது. கையில் இருந்ததோ காரம் மிகுந்த சோப்பு. பொடுகும் புண்ணும் பெருகி, இளம் வயதிலேயே பலருக்குத் தலை வழுக்கையாயிற்று.

செயின்ட் லூயிஸ் நகரில் துணி துவைத்துப் பிழைத்த சாரா பிரீட்லவ் அப்படி முடியை இழந்தவர்களில் ஒருவர். அவர் 1867-இல் லூயிசியானாவின் டெல்டா என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை. 7 வயதில் பெற்றோரை இழந்தார், 14-இல் மணமுடித்தார், 20-இல் கைம்பெண் ஆனார். நாள் முழுதும் துவைத்தால் கிடைத்த கூலி சுமார் 1.50 டாலர். அதே நகரில் ஆனி டர்ன்போ (பின்னாளில் ஆனி மலோன்) முடி வளர்ச்சிக்கான தம் களிம்பை விற்றுவந்தார். சாரா முதலில் அவருடைய முகவராகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார். 1905-இல் டென்வருக்குப் போய், மறு ஆண்டு சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்து, 'மேடம் சி.ஜே. வாக்கர்' என்ற பெயரில் சொந்தக் களிம்பை விற்றார். ஆனி மலோனும் 1906-இல் 'போரோ' என்ற வணிகப் பெயரைப் பதிவு செய்தார். வாக்கரின் புகழில் முன்னோடியான மலோனின் பெயர் மங்கிப்போனது நியாயமல்ல.

களிம்பின் அடிப்படை பெட்ரோலியக் கூழும் கந்தகமும். தலைத்தோல் நோய்களுக்குக் கந்தகம் அன்றே பழகிய மருந்துதான். பலன் தந்தது களிம்போடு சேர்ந்த முறை: தலையை அடிக்கடி அலசுவது, பொடுகைத் தளர்த்தி நீக்குவது, தலைத்தோலைத் தேய்த்துவிட்டு மருந்திடுவது. கடைசியில் அடுப்பில் காயவைத்த இரும்புச் சீப்பால் முடியை இழுத்துவிடுவார்கள். அந்தச் சீப்பை வாக்கர் கண்டுபிடித்தார் என்பது தவறு. அது அவருக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. முடியை நேராக்குபவர் என்று தம்மை அழைப்பதையும் அவர் மறுத்தார்.

வெளுப்பதும் சமைப்பதும் தவிர வேறு வேலை கிடைக்காத பெண்களுக்கு இந்தத் தொழில் சொந்த வருமானம் தந்தது. 1917-இல் பிலடெல்பியாவில் நடந்த வாக்கர் முகவர் மாநாட்டில் 200-க்கும் மேற்பட்ட பெண்கள் கூடினர். கருப்பினத்தவரைக் கும்பல் அடித்துக் கொல்வதற்கு எதிரான நிதிக்கு, தாம் இறந்த 1919-ஆம் ஆண்டில் வாக்கர் 5,000 டாலர் அறிவித்தார். மலோன் 1918-இல் செயின்ட் லூயிஸில் திறந்த போரோ கல்லூரியில் பயிற்சிக் கூடத்தோடு அரங்கமும் உணவுக்கூடமும் இருந்தன.

நூற்றாண்டின் நடுவில் ரசாயனம் சூடான சீப்பின் இடத்தைப் பிடித்தது. 'ரிலாக்ஸர்' களிம்பில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு முடியின் கந்தகப் பிணைப்புகளை உடைத்துச் சுருளை நிரந்தரமாக நீக்கும். அதைப் பூசுமுன் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் வாசலின் தடவுவார்கள்; எரிச்சல் தொடங்கினால் உடனே அலசியாக வேண்டும். நேரம் தப்பினால் தோல் வெந்துவிடும். 1960-களில் கருப்பின உரிமைப் போராட்டத்தோடு 'ஆஃப்ரோ' பரவி, இயல்பான முடியே அழகு என்று அறிவித்தது. ஆனாலும் ரிலாக்ஸர் மறையவில்லை.

அதன் விலை மெல்லத்தான் தெரியவந்தது. 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க அரசு ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. முடி நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தாதவர்களில் 1.64 சதவீதத்தினருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்றும், அடிக்கடி பயன்படுத்துபவர்களில் அது 4.05 சதவீதம் என்றும் அது கணக்கிட்டது. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. முடியை இறுக்கிப் பின்னுவதும் தீங்கற்றதல்ல; வேர் ஓயாமல் இழுபட்டால் நெற்றியோர முடி நிரந்தரமாகவே போய்விடலாம்.

வேலையிடத்தின் நெருக்கடி வேறு. ஒட்டிப் பின்னிய சடைக்கு விமான நிறுவனம் தடை விதித்ததை எதிர்த்து ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில், 1981-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தடை இனப் பாகுபாடு ஆகாது என்றது. கலிபோர்னியா 2019-இல் இயற்றிய 'கிரவுன்' சட்டம் பின்னல், சடைத்திரி, முறுக்கு போன்ற முடி அமைப்புகளை இன அடையாளத்தின் பகுதியாக ஏற்று, அவற்றைக் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்குவதைத் தடைசெய்தது. வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின.