ஜெயித்துவிட்டுத் தோற்ற களிம்பு

வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத நோய் ஒன்று உண்டு. பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸ். நம்மூர் அக்கிக்குக் காரணமான வைரஸும் இதே குடும்பம்தான், ஆனால் ஆள் வேறு. கொப்புளம் வரும், ஆறும், சில மாதம் கழித்து அதே பக்கம் மறுபடி வரும். தோல் ஆறினாலும் வைரஸ் போய்விடுவதில்லை. முதுகுத்தண்டின் அடிப்பக்க நரம்பு முடிச்சுகளில் படுத்துத் தூங்கும்.

1982-ல் அமெரிக்காவில் அசைக்ளோவிர் களிம்புக்கு அனுமதி கிடைத்தது, பிறகு மாத்திரையும் வந்தது. இது வைரஸ் பெருகுவதைத் தடுக்கும், தூங்குவதைத் தொடாது. சரி, உடம்பின் சொந்தக் காவல்காரனையே தட்டி எழுப்பினால் என்ன?

ஒட்டுகிற டேப்புக்குப் பேர்போன 3எம் கம்பெனி 1980-களில் இதில் இறங்கியது. அவர்களுடைய இமிக்விமோட் வைரஸை நேராகக் கொல்லாது. தடவிய இடத்தில் இன்டர்ஃபெரானைச் சுரக்க வைக்கும். கினி பன்றிகளிடம் ஹெர்பிஸை நன்றாகவே அடக்கியது. மனிதர்களிடம்? 1997-ல் அனுமதி கிடைத்தது பாலுறுப்பு மருக்களுக்கு. திரும்பத் திரும்ப வரும் ஹெர்பிஸில் சோதித்தபோது பலனில்லை என்று 2002-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது.

அடுத்து அதைவிட வீரியமான தம்பி, ரெசிக்விமோட். 2001-ல் வெளியான முதல் சோதனையில் 52 பேர். மருந்து தடவியவர்களுக்கு அடுத்த கொப்புளம் வர நடுமதிப்பாக 169 நாள். வெறும் ஜெல் தடவியவர்களுக்கு 57 நாள். யாருக்குத்தான் ஆசை வராது! ஆனால் பிறகு நடந்த பெரிய சோதனைகளில் மருந்துக்கும் வெறும் ஜெல்லுக்கும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. களிம்பு கடைக்கு வரவேயில்லை.

இதில் நமக்கென்ன? தானாகவே கூடிக் குறையும் நோயில் எதைத் தடவினாலும் சில நாளில் குணமானதுபோல் தோன்றும். அதனால்தான் வெறும் ஜெல்லோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது, நிறையப் பேரிடம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெளியூரில் தனியாக இருக்கும் நம் பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு மருந்துக் கடையில் ஏதோ ஒரு டியூபை வாங்கித் தடவிக்கொள்வது இதனால்தான் வீண்.

நிரூபணமான வழி இருக்கிறது. 2004-ல் 1,484 தம்பதிகளிடம் நடந்த ஆய்வில், தினமும் வாலசைக்ளோவிர் எடுத்தபோது துணைக்குத் தொற்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. கர்ப்பிணிகள் டாக்டரிடம் இதை மறைக்கவே கூடாது. பிரசவ சமயத்தில் குழந்தைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

தோல் டாக்டரிடம் போங்கள். அவருக்கு இது தினசரி வேலை.