முதற் சோறு

மன்னார்த் தீவின் வடகரையில் ஓலைத்தொடுவாய் என்னும் கடற்றொழிற் சிற்றூர் உளது. ஓலை பனையை நினைவூட்டுவது. தொடுவாய் என்பது கடல்நீர் நிலத்தினுட் புகும் வாய். பனையும் கடலும் ஊர்ப்பெயரிலேயே அமைந்துவிட்டன. மணற்பாங்கான அத்தீவில் நெல்வயல் அரிது. அரிசி பெருநிலத்திலே, கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களில் விளைந்து, பாலத்தைக் கடந்து வருதல் வேண்டும். ஆயினும், ஈழத்தமிழர் வழக்கிலே குழந்தை உண்ணத் தொடங்கும் நாளுக்கு வழங்கும் பெயர் மீனைச் சார்ந்ததன்று, பனையைச் சார்ந்ததுமன்று. "சோறு தீத்துதல்" என்பதே அதன் பெயர்.

இவ்வழக்கம் மிகப் பழையது. ஆறாம் மாதத்தில் குழந்தைக்கு எளிதிற் செரிக்கும் நல்லுணவை ஊட்டுக என்று சுசுருதரின் மருத்துவ நூல் விதிக்கின்றது. பிள்ளைக்கவியின் இலக்கணம் கூறும் பழந்தமிழ் நூல்களோ ஏழாம் மாதத்தை அமுதூட்டலுக்கு உரியதாக வைத்தன. நெய்ச்சோற்றைக் கையால் துழாவி மேனியெங்கும் சிதறும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றிலே பாடினான். வள்ளுவரும் சிறுகை அளாவிய கூழை அமிழ்தினும் இனிதென்றார். இருவரும் கண்டது, ஊட்டப்படும் குழந்தையை அன்று. தானே கையிட்டு உண்ணும் குழந்தையை என்பது கருதத்தக்கது.

சைவர் குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டு சென்று சோறு தீத்துவர். யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதி இதற்குப் பெயர் பெற்றது. சிங்கள மக்கள் நற்பொழுது பார்த்துப் பாற்சோற்றை நாவில் இடுவர். இஸ்லாமியரிடையே, பிறந்த குழந்தையின் வாயில் மென்ற பேரீச்சம்பழத்தைத் தடவும் மரபு உண்டு. ஆயின் அது பிறப்புச் சடங்கேயன்றி உணவூட்டலன்று. இந்துக்களிடையே ஆண் குழந்தைக்கு இரட்டைப்பட்ட மாதமும் பெண் குழந்தைக்கு ஒற்றைப்பட்ட மாதமும் குறிக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஆதலின் ஒரே வீட்டிலே தமையன் ஆறாம் மாதத்திலும் தங்கை ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ உண்ணத் தொடங்குவர். குழந்தையின் வயிறு இந்த வேறுபாட்டை அறியாது. பின்னர்ப் பல் முளைக்கும்போது கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையிற் சொரிந்து மகிழ்வதும் ஈழத்தமிழரின் இனிய வழக்கமாகும்.

ஆறாம் மாதம், ஏழாம் மாதம் என்ற இவ்வெல்லையைக் கலைத்தது அடுத்து வந்த காலம். 1860 ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் தாய்ப்பாலுக்கு ஈடென்று ஓர் உணவை வகுத்தார். அதன்பின் குழந்தை மாக்களும் தகரப்பாலும் கப்பலேறிக் கீழைநாடுகளுக்கு வந்தன. இனிப்பூட்டிய தகரப்பாலைக் குழந்தைக்கு ஏற்றதென விற்றதனால் நேர்ந்த மரணங்களைக் கண்ட வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், 1939 இல் சிங்கப்பூரிலே நிகழ்த்திய உரைக்குப் "பாலும் கொலையும்" என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். திட உணவிலும் அவசரம் புகுந்தது. 1950 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வைத்தியர் சாக்கெட் என்பார், பிறந்து இரண்டு மூன்று நாட்களிலேயே தானியக் கூழ் ஊட்டலாம் என்றார். படித்தவர் கூற்று என்பதற்காகப் பாட்டியர் கூற்றைக் கைவிட்டோர் அக்காலத்திலே பலர்.

இலங்கையில் குழந்தைகளின் நிலை அப்போது எவ்வாறிருந்தது? மலேரியாக் கொள்ளை நோய் பரவிய 1935 இல், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் முதலாம் பிறந்தநாளைக் காணவில்லை. 1946 இலும் அத்தொகை 141 ஆக இருந்தது. இன்று அது பத்துக்கும் குறைவு. மலேரியா ஒழிப்பும் மருத்துவமனைகளும் கல்வியும் இம்மாற்றத்துக்குக் காரணங்களாயினும், 1926 இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி தொடங்கியதன் பின் நாடெங்கும் பரவிய மருத்துவமாதரின் பங்கு தனித்துச் சொல்லத்தக்கது. வீடு தேடிச் சென்று குழந்தையை நிறுத்து, தாயின் அடுப்படியில் அமர்ந்து பேசியவர்கள் அவர்களே.

அவர்கள் கூறிய மாதமும் ஒருபடித்தாக இருந்ததில்லை. நான்கு முதல் ஆறு மாதத்துள் உணவு தொடங்கலாம் என்பதே நெடுங்காலம் உலக அறிவுரையாக இருந்தது. 2001 இல் உலகச் சுகாதாரப் பேரவை ஆறு மாதம் நிறைவுறும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும் எனத் தீர்மானித்தது. மருத்துவ அறிவு நெடுவழி சுற்றிச் சுசுருதரின் மாதத்துக்கே வந்து சேர்ந்தது.

ஆனால் மாதம் பாதி வழக்கே. கிண்ணத்தில் இருப்பது என்ன என்பது மறுபாதி. ஏழு கிலோ எடையுள்ள குழந்தையின் இரைப்பை ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் கொள்ளும். தெளிந்த கஞ்சி அவ்விடத்தை நீரால் நிரப்பிவிடும். குழந்தை வயிறு நிறைந்து உறங்கும், உடல் தேறாது. கரண்டியிலிருந்து வழியாத தடிப்பே வேண்டும். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்தும் ஆறு மாதமளவிற் குறைந்துவிடும். தாய்ப்பாலிலுள்ள சிறிதளவு அக்குறையை ஈடுசெய்யாது. அதனை நிரப்ப வல்லது மீன். முற்றத்தில் வலை உலரும் வீட்டிலே, தாய்க்குப் பால் சுரக்கவென்று பாற்சுறா சமைப்பர். முள் நீக்கி மசித்த ஒரு துண்டு மீனைக் குழந்தைக்குக் கொடுக்கவோ தயங்குவர். கரையோர ஊட்டலில் மிகப் பெரிய பிழை இதுவெனலாம். மாறாக, குரக்கனை முளைக்கவைத்து உலர்த்தி மாவாக்கும் பழைய முறை மிகச் சிறந்தது. முளையில் எழும் நொதி மாப்பொருளை உடைப்பதால், நீரை மிகுதியாகச் சேர்க்காமலே கூழ் இளகும். குழந்தை எளிதில் விழுங்கும்.

நீரும் ஒரு சிக்கலே. மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்யும் இத்தீவில், ஏனைய மாதங்களிற் கிணறுகள் பல உவர்ப்பேறும். முதற் சோற்றோடு முதல் வயிற்றோட்டமும் வருவது பெரும்பாலும் தூய்மையற்ற நீராலும் கையாலுமே; கொதித்தாறிய நீரும் கழுவிய கையும் சோற்றினும் முந்திய தேவை.

1973 இல் சோளம், சோயா முதலியன சேர்ந்த திரிபோஷா மா தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்படலாயிற்று. 1990 இல் போர் மன்னாரைச் சூழ்ந்தபோது மக்கள் மடுவுக்கும், கடல் கடந்து மண்டபம் முகாமுக்கும் சென்றனர். பங்கீட்டு அரிசியும் பருப்பும் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் முதலுணவாயின. கடலை நம்பி வாழ்ந்தவரின் பிள்ளைகள் மீன் மணமறியாத கூடாரங்களில் உண்ணப் பழகினர்.

2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. சோளத் தட்டுப்பாட்டால் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. பால்மா விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலிருந்து படகேறியோருள் ஒரு சாரார் தனுஷ்கோடிக்கு அருகே மணல் திட்டொன்றில் இறக்கிவிடப்பட்டு, இந்தியக் கரையோரக் காவற்படையினரால் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஒரு குழந்தைக்கு வயது நான்கு மாதம். சோறு தீத்தும் நாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.